பச்சைக் கூடையில் ஒரு சிவப்பு முடிச்சு

ஒயர் கூடை போட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு அக்காவின் கூடையை இரவல் வாங்கி, எப்படித்தான் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன் பேர்வழி என்று முழுசாகப் பிரித்துவிட்டேன். பிரிக்கத் தெரிந்த எனக்குத் திரும்பப் போடத் தெரியவில்லை. அக்கா கூடையைக் கேட்டு வருவதற்குள் போட்டுக் கொடுத்தாக வேண்டும். சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து ஒரு வழியாகப் போட்டு முடித்தேன். அந்தப் பயத்தில் கை பழகியதுதான். பிறகு சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் என்று எந்தக் கூடையைப் பார்த்தாலும் வீட்டுக்கு வந்து போட்டுவிடுவேன்.

கையும் சும்மா கை இல்லை. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பெட்டி வாங்கி வந்து வீட்டில் ஒட்டி வளர்ந்த கை. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அந்த வேலை நடக்கும். அதனால் ஒரு பழக்கமும் உண்டு. பேச வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள். வீட்டுக்காரி பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால், வந்தவளும் பசையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஒட்ட ஆரம்பித்துவிடுவாள். பேச்சு முடிந்து எழுந்து போகும்போது ஒரு குவியல் பெட்டி ஒட்டி முடிந்திருக்கும். யாரும் கேட்கவும் மாட்டார்கள், நன்றி சொல்லவும் மாட்டார்கள். வேலை கிடக்கும்போது சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போனால்தான், ‘ரொம்பத்தான் பெரிய இவ’ என்று பின்னால் பேச்சு வரும்.

கூடை போட வந்துவிட்டதால், சொல்லிக் கொடுக்கவும் வரும் என்று நினைத்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே டீச்சர் என்று ஒருத்தர் என்னைக் கூப்பிட வேண்டும் என்று ஆசை. படிப்பு பத்தாவதோடு நின்றதில் அது நடக்காமல் போயிற்று. கூடையிலாவது நடக்கட்டுமே என்று வகுப்பு எடுப்பதாகச் சொல்லி வைத்தேன். மூன்று பெண்கள் வந்தார்கள். நான் ஒயரை எடுத்தேன், போட்டேன், “இவ்வளவுதான்” என்றேன். மூன்று பேரும் என் கையைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். “இன்னொரு தரம் போடுங்கக்கா, பையப் போடுங்க” என்றாள் ஒருத்தி. பைய என்றால் மெதுவாக. எனக்குப் பையப் போடத் தெரியாது. மெதுவாகப் போட்டால் என் கைக்கே அடுத்தது என்ன என்று மறந்துபோகிறது. மறுவாரம் மூன்று பேரும் வரவில்லை. ஒருத்தியைக் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். “நீங்க போடுததப் பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு எழவும் புரியலக்கா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

என் வீட்டுக்காரர் விதையும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருந்தார். “உனக்கு வேலை வரும், சொல்ல வராது. எல்லாருக்கும் எல்லாமுமா வரும்?” என்று ஆறுதல் சொன்னார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அதற்கு மேல் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே ஒருத்தியாவது என்னிடம் கற்றுக்கொண்டு ஒரு கூடை போட்டுவிட வேண்டும். அதுவரை விடுவதில்லை என்று வைராக்கியம்.

அது வீசிடி வந்து, கேசட் இன்னும் போகாத காலம். எங்கள் பகுதிக்குக் கேபிள் இழுத்திருந்த அண்ணாச்சி, உள்ளூர் சேனல் என்று ஒன்று நடத்தினார். கோவில் கொடை விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, ஜவுளிக்கடை விளம்பரம், மீதி நேரமெல்லாம் பாட்டு. கேபிள் வாடகை வாங்க வந்தவர் வாசலில் தொங்கிய கூடைகளைப் பார்த்தார்.

“இதப் போடச் சொல்லிக் குடுக்குத மாதிரி ஒரு கேசட் எடுத்துத் தாங்க தாயி. சனிக்கிழமை மத்தியானம் பொம்பளையளுக்குன்னு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குதேன்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு விரலை உயர்த்தினார். “ஆனா ஒண்ணு. பாத்துட்டு ஒரு ஆளாவது கூடை போட்டுக் கொண்டாந்து எங்கிட்ட காட்டணும். காட்டுனா வாராவாரம் உங்களுக்குத்தான். இல்லன்னா பழையபடி பாட்டப் போட்டுருவேன். பாட்டுன்னா யாரும் குறை சொல்லமாட்டாங்க.”

ஒரு ஆள். நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அதேதான்.

இந்த முறை அவசரப்படவில்லை. சொல்லிக் கொடுக்கிறவர்கள் எப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம் என்று, ஊரில் கிடைத்த செய்முறை கேசட், வீசிடி எல்லாவற்றையும் இரவல் வாங்கினேன். ஒயர் கூடைக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது கண்ணாடியில் படம் வரைவது, கேக்குக்குப் பூ வைப்பது, டிவியிலிருந்து யாரோ பதிவு செய்து வைத்திருந்த காகிதப் பூ, இவ்வளவுதான். போதாததற்கு என் வீட்டுக்காரர் கடையிலிருந்து, பருத்திக்கு மருந்து அடிப்பது எப்படி என்று கம்பெனிக்காரர்கள் கொடுத்த கேசட்டையும் கொண்டுவந்து வைத்தார். கிண்டலுக்குத்தான். நான் அதையும் விடவில்லை.

சும்மா பார்த்தால் எல்லாமே எளிதாகத்தான் இருந்தது. கூடவே செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

காகிதப் பூக்காரி நமக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கையால் மடித்ததை நான் எந்தக் கையால் மடிப்பது? அவள் சொன்னபடியே செய்தேன். அவளுக்கு ரோஜா வந்தது, எனக்குக் கசங்கிய பஸ் டிக்கெட் வந்தது. கண்ணாடிக்காரி வரைகிற நேரம் பார்த்து, கேமராவை அவள் முழங்கை மறைத்தது. மறைத்த கை விலகும்போது மயில் முடிந்திருந்தது. “ஏட்டி, கைய எடு, கைய எடு!” என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். என் கையெல்லாம் பெயிண்ட். ரிமோட்டை அமுக்க வழியில்லாமல் மூக்கால் அமுக்கினேன். அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்று அந்த முகம் தெரியாத கண்ணாடிக்காரியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது. அந்த மூன்று பெண்களுக்கும் என் வகுப்பு இப்படித்தான் இருந்திருக்கும். அவர்கள் என்னைத் திட்டாமல் நின்றுகொண்டதே பெரிய மரியாதை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. எனக்குச் சொல்ல வராது என்பதில்லை. கற்றுக்கொள்கிறவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் போட்டு, அவரவரிடம் நல்லதை எடுத்துக்கொண்டேன். கேமரா எதிரே இருக்கக்கூடாது, என் தோளுக்குப் பின்னாலிருந்து என் கையைப் பார்க்க வேண்டும். பார்க்கிறவளுக்குத் தன் கை மாதிரியே தெரிய வேண்டும். முகமே வேண்டாம், கை மட்டும் போதும். பருத்திக்காரர் ஒவ்வொன்றையும் செய்து காட்டிவிட்டு, “விவசாயப் பெருமக்களே, இப்படிச் செய்துவிடாதீர்கள்” என்று தப்பாகவும் ஒரு தடவை செய்து காட்டினார். கிண்டலுக்கு வந்த கேசட்டில்தான் உருப்படியான வாத்தியார் இருந்தார். தப்பு முடிச்சு எப்படி இருக்கும் என்று நானும் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

கேக்குக்காரியிடம் எடுத்துக்கொண்டதுதான் முக்கியம். அவள் மாவைக் கலக்கி அடுப்பில் வைத்த கையோடு, “ஏற்கனவே வெந்தது ஒன்று இருக்கிறது” என்று பக்கத்திலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தாள். நம் நேரமும் மிச்சம், அவள் நேரமும் மிச்சம். கூடைக்கும் அதுதான் சரி. முழுக் கூடையை அரை மணியில் காட்ட முடியாது. அடி போட்டது ஒன்று, பக்கம் தூக்கியது ஒன்று, பாதி உயரம் வந்தது ஒன்று, வாய் மடக்கியது ஒன்று என்று ஒவ்வொரு நிலையிலும் ஒரு கூடையை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று எந்தக் கேசட்டிலும் இல்லாதது. வீசிடியை மூக்காலாவது நிறுத்தலாம். கேபிளில் வருவதை யாரும் நிறுத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு முடிச்சுக்குப் பிறகும் “இப்ப நீங்க போடுங்க” என்று சொல்லிவிட்டு நான் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். என் கையைச் சும்மா வைத்திருப்பதுதான் எனக்கு இருந்ததிலேயே கஷ்டமான பயிற்சி. தினமும் மத்தியானம் ஒரு முடிச்சு போட்டுவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பழகினேன்.

படம் பிடிக்க, கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் ஒரு தம்பியைப் பிடித்தேன். நல்ல பையன்தான், கல்யாணமாகிப் பிள்ளை குட்டி உள்ளவன். ஆனால் தொழில் புத்தி போகுமா? ஒத்திகைக்கு வந்தவன் என் முகத்தையே எடுத்தான். “முடிச்சப் போடும்போது நிமிந்து பாத்து லேசாச் சிரிங்கக்கா” என்றான். நான் என்ன தாலியா கட்டிக்கொள்கிறேன்? நடுவில் கூடையை இதயத்துக்குள் வைத்து, ரோஜாப்பூ தூவுகிற மாதிரி மிக்ஸிங் பண்ணலாம் என்று யோசனையும் சொன்னான். அவனை உட்கார வைத்து அந்தக் கேசட்டையெல்லாம் போட்டுக் காட்டினேன். கண்ணாடிக்காரியின் முழங்கையைப் பார்த்த பிறகு, “புரிஞ்சிட்டுக்கா, கை மட்டுந்தான்” என்று ஒத்துக்கொண்டான்.

படம் பிடிக்கிற நாள் வந்தது. பச்சை ஒயரில் நாலு கூடை, நாலு நிலையில், முன்னறைக் கட்டிலில் வரிசையாக வைத்திருந்தேன். பின்னறையில் லைட்டைப் பொருத்தி, தம்பி சுவிட்சைப் போட்டான். பளீரென்று வெளிச்சம் வந்தது, உடனே தெரு முழுக்கக் கரண்டு போயிற்று. அவன் லைட்டால்தான் போயிற்று என்று இன்றுவரை எங்கள் தெருவில் சொல்கிறார்கள்.

தம்பிக்குச் சாயங்காலம் கயத்தாறில் ஒரு ரிசப்ஷன். கரண்டு வரும்வரை காத்திருக்க முடியாது. மொட்டைமாடியில் வெயிலில் எடுத்துவிடலாம் என்று நானும் அவனும் என் வீட்டுக்காரரும் மேலே போனோம். போர்வையை நிழலுக்குக் கட்ட, அது காற்றில் பறக்க, மறுபடி கட்ட, கரிசல்காட்டுப் புழுதி லென்ஸில் படிய, துடைக்க என்று நேரம் போயிற்று.

அந்த நேரத்தில் கீழே வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கரண்டு இல்லை, டிவி இல்லை, நான் இல்லை. எதிரே கட்டிலில் பாதியில் நிற்கிற கூடைகள். பக்கத்தில் ஒயர்.

கீழே இறங்கி வந்து பார்த்தேன். நாலு கூடையும் முடிந்திருந்தன. கைப்பிடியோடு.

ஒருத்தி கடைசிக் கைப்பிடியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா, நான் முதன்முதலில் கூடையைப் பிரித்துப் போட்டுக் கொடுத்தேனே, அதே அக்கா, என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள்.

“ஒத்தையில கிடந்து எம்புட்டுத்தான் போடுவ நீயும்? அதான் ஆளுக்கொண்ணா எடுத்து முடிச்சிட்டோம். இந்தா, உனக்கு வேலையே இல்ல, சும்மா நின்னு போட்டோ புடி.”

நான் வாரக்கணக்கில் யோசித்து உண்டாக்கிய பாதிக் கூடைகள். அது பாதியாக இருப்பதுதான் அதன் வேலை என்று எப்படிச் சொல்ல? கேக்குக்காரியின் வீட்டில் பேச வருகிறவர்கள் அவள் கேக்கை எடுத்து வேக வைத்துவிட மாட்டார்கள் போலிருக்கிறது. கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் யாரைக் கோபிக்க? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

“பச்ச ஒயர்தான் பத்தாமப் போச்சு” என்று அக்கா ஒரு கூடையைத் தூக்கிக் காட்டினாள். “அலமாரில மஞ்ச கிடந்துச்சு. ஒரு வரிசை மஞ்சளப் போட்டேன். அதுவும் கடைசி முடிச்சுக்கு எட்டல. எம் முந்தியில ஒரு துண்டு செவப்பு முடிஞ்சு வச்சிருந்தேன், அதப் போட்டு ஒப்பேத்திட்டேன். அதுக்குள்ள இவ உள்ள அறையில இன்னொரு பச்சக் கட்டு கிடக்குன்னு எடுத்தாந்தா. அதான் மேல பூராப் பச்ச. எப்படி இருக்கு?”

பச்சைக் கூடை. நடுவில் ஒரு வரிசை மட்டும் மஞ்சள். அந்த மஞ்சள் வரிசையில், கைப்பிடிக்கு நேர் கீழே, குங்குமம் வைத்த மாதிரி ஒரே ஒரு சிவப்பு முடிச்சு.

“நல்லா இருக்குக்கா” என்றேன். வேறு என்ன சொல்வது?

புதுசாகப் போட நேரமில்லை. மற்ற மூன்றையும் முழுசாகப் பிரித்துச் சரி செய்வதற்குள் கயத்தாறு ரிசப்ஷனில் சாப்பாடே முடிந்துவிடும். அக்காவின் கூடையை எடுத்து, கைப்பிடியையும் மேல் வரிசைகளையும் அவசரமாகப் பிரித்துப் பாதி உயரத்துக்குக் கொண்டுவந்தேன். மஞ்சள் வரிசை கீழே இருந்ததால் அதைத் தொட முடியவில்லை. மேலே போய் உட்கார்ந்தேன். தம்பி ஸ்டூலில் ஏறி என் தோளுக்கு மேலிருந்து கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தான். என் வீட்டுக்காரர் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டார். அடியை நானே முதலிலிருந்து போட்டுக் காட்டினேன். பையப் போட்டேன். தப்பு முடிச்சையும் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் “இப்ப நீங்க போடுங்க” என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் தம்பிக்கு உயிரே போயிற்று. “ஒரு மியூசிக்காவது போடட்டுமாக்கா?” என்று ஸ்டூல் மேலிருந்து கிசுகிசுத்தான். அதுவும் கேசட்டில் பதிவாகியிருக்கிறது.

நடுவில், “இதோ, ஏற்கனவே பாதி போட்டு வச்சிருக்கேன்” என்று அந்த மஞ்சள் வரிசைக் கூடையை எடுத்து வைத்து, மேலே போட்டு, வாய் மடக்கி, கைப்பிடி கட்டி முடித்தேன். மஞ்சளைப் பற்றியும் சொல்லவில்லை, சிவப்பைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் தெருவின் கதையையே சொல்ல வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பானது. எங்கள் வீட்டில் தெருவே உட்கார்ந்து பார்த்தது. அக்காவுக்குத் தன் சிவப்பு முடிச்சு டிவியில் வந்ததில் நிலைகொள்ளவில்லை. எனக்கோ, அந்தக் கைகள் என் கைகள் என்றே நம்ப முடியவில்லை. எவ்வளவு பொறுமையாக இருக்கின்றன! இப்படி ஒருத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அக்காவின் கூடை அன்று தப்பித்திருக்கும்.

பிறகு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். வந்ததெல்லாம் பால்காரரும், பேச வந்தவர்களும்தான். அண்ணாச்சி இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். கூடையோடு யாரும் அவரிடம் வரவில்லை.

“நானும் பாத்துட்டேன் தாயி. ஒருத்தரும் வரல. நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க, ஆனா ஆளுக பாட்டுதான் பாப்பாங்க போல” என்று சங்கடப்பட்டுச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பாட்டு வந்தது. நான் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு வந்த வருத்தம் சாதாரணமானதில்லை. வகுப்பு தோற்றபோது, எனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு சமாதானம் இருந்தது. இப்போது தெரிந்து, பழகி, முழு மனசோடு செய்தும் ஒருத்திக்கும் போய்ச் சேரவில்லை. அப்படியானால் என் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி, எனக்குச் சொல்ல வராது. ஒயர்க் கட்டுகளைச் சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன்.

கொஞ்ச காலம் கழித்து, சொந்தத்தில் ஒரு புது வீட்டுப் பால்காய்ச்சுக்காக விளாத்திகுளம் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் கூட்டம். ஓர் ஓரத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி, மடியில் கூடை வைத்திருந்தாள். கூடையின் வாய் ஓரத்தில் ஒரு ஒயர் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டால் ஓரம் முழுக்கத் தளர்ந்துவிடும். எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. கேட்கவும் இல்லை. என் கை தானாகப் போய் அந்த நுனியைப் பிடித்து உள்ளே செருக ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருப் பழக்கம் பஸ்ஸிலும் கூடவே வருகிறது.

அவள் கூடையை இழுத்துக்கொள்ளவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நுனியைச் செருகி, இறுக்கி, கூடையைத் திருப்பினேன். அப்போதுதான் கூடையை முழுசாகப் பார்த்தேன்.

பச்சை. நடுவில் ஒரு வரிசை மஞ்சள். கைப்பிடிக்கு நேர் கீழே ஒரு சிவப்பு முடிச்சு.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் என் முகத்தை ஏறிட்டே பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தபடியே, “டீச்சர்” என்றாள்.

பஸ் குலுங்கியதில் இரண்டு பேரும் கூடையைப் பிடித்துக்கொண்டோம்.

“நீங்கதான டிவில கூடை போட்டது? இந்தக் கைய எங்க பாத்தாலும் சொல்லிருவேன். எனக்கு விளாத்திகுளம். கோவில்பட்டில எங்கக்கா வீட்டுக்கு வந்திருந்தப்ப பாத்தேன். ‘இப்ப நீங்க போடுங்க’ன்னு சொல்லிட்டு நீங்க சும்மா இருப்பீங்கல்லா, அந்த நேரத்துல போட்டுப் போட்டே கத்துக்கிட்டேன். அக்கா தெருவுல நாலஞ்சு பேரு போட்டிருக்காவ. உங்களுக்குக் கொண்டாந்து காட்டணும்னுதான் நினைச்சோம். எங்கன இருக்கீங்கன்னு யாருக்குத் தெரியும்? மூஞ்சியையும் காட்டல, ஊரும் சொல்லல, தெருவும் சொல்லல.”

நான் வாயைப் பிளந்தேன். உண்மைதான். கண்ணாடிக்காரி தன் விலாசத்தைச் சொல்லவில்லை. கேக்குக்காரி சொல்லவில்லை. காகிதப் பூக்காரி சொல்லவே இல்லை. அவர்களிடமிருந்து அத்தனையும் கற்றுக்கொண்ட நான், அதையும் கற்றுக்கொண்டு, நன்றி வணக்கம் என்று சொல்லி முடித்திருந்தேன்.

“அது சரி டீச்சர்” என்று அவள் அந்தச் சிவப்பு முடிச்சைத் தொட்டாள். “இது எதுக்கு? இத மட்டும் நீங்க சொல்லவே இல்ல. எங்களுக்குள்ள பெரிய பேச்சே நடந்துச்சு. திருஷ்டிக்குன்னு ஒருத்தி சொல்லுதா. அங்கன செவப்பு வைக்கலன்னா கைப்பிடி நிக்காதுன்னு இன்னொருத்தி. டீச்சர் வச்சிருக்காவன்னா ஏதாச்சும் இருக்கும்னு எல்லாரும் வச்சிட்டோம்.”

கரண்டு போனது முதல் அக்காவின் முந்தி வரை முழுக் கதையையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப பிரிச்சிரட்டா?” என்றாள்.

“பிரிக்கவே பிரிக்காதீங்க” என்றேன்.

அண்ணாச்சியின் நிபந்தனையையும் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கூடையில் இருந்ததை நான் கொடுத்த துணிப்பைக்கு மாற்றிக்கொண்டு, கூடையை என் மடியில் வைத்தாள். “கொண்டு காட்டிட்டு எங்கக்கா வீட்டுல குடுத்திருங்க டீச்சர்” என்று வீட்டு அடையாளம் சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்.

பால்காய்ச்சு வீட்டில் பாலைக் குடித்தேனா இல்லையா என்று நினைவில்லை. திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே அண்ணாச்சியின் கேபிள் ரூமுக்குப் படியேறினேன். கூடையை மேஜை மேல் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் வரிசையைப் பார்த்தார். சிவப்பு முடிச்சில் விரலை வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“இது நீங்க போட்டதுல்லா தாயி? இதே கூடையத்தான நான் மூணு வாரம் டிவில போட்டேன்? எங்கிட்டயே கொண்டாந்து காட்டுதீங்களே.”

விளாத்திகுளம் பஸ், பக்கத்து சீட், ஒயர் நுனி என்று நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. இவ்வளவு அச்சாகப் போட்டிருந்தால் யார்தான் நம்புவார்கள்? உள்ளே ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க, அவர் கூடைக்குள் முகத்தை விட்டார்.

விட்ட வேகத்தில் தும்மினார். மறுபடி தும்மினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தும்மினார். அவள் அந்தக் கூடையில்தான் அக்காவுக்கு மிளகாய் வத்தல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அடியில் மிளகாய் விதை சிதறிக் கிடந்தது.

“என்ன காரம்! நம்மூர்ல இந்தக் காரம் ஏது? விளாத்திகுளத்து வத்தல்தான் இது” என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூடையை இன்னொரு தடவை, இந்த முறை எட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சனிக்கிழமைக்கு எடுத்து வைத்திருந்த பாட்டுக் கேசட்டை மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார்.

“வார சனிக்கிழமைக்கு என்ன போடுதீங்க, டீச்சர்?” என்றார்.

“நெல்லிக்காய் முடிச்சு” என்றேன். “கடைசில என் விலாசம் வரணும் அண்ணாச்சி. பெரிய எழுத்துல.”